பேரிங்கும் ஒற்றைச் ‘சல’வும்

நீலகிரியில் ஓசை எழுப்பும் பொருள் எதுவாயினும், அது என்றேனும் ஒருநாள் பேரிங்கின் முன்னால் நின்று விடை சொல்லியே ஆகவேண்டும். நீரிறைக்கும் பொறி, மாவரைக்கும் பொறி, மலையேறும் பேருந்து, மாதா கோவில் மணி, அடுத்த வீட்டுக்காரரின் முழங்கால் என எதற்கும் அவரிடம் விலக்குக் கிடையாது.

நான் அவரை முதன்முதலில் கண்டது குன்னூரில் ஒரு தேநீர்க்கடை வாசலில். என்னோடு நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று தலையை ஒருபுறம் சாய்த்து, கையை உயர்த்தி, என் வாயை அடைத்தார். மேலே எங்கோ வளைவில் ஒரு பேருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அது இன்னும் எங்கள் கண்ணில் படவில்லை.

“முன் சக்கரம், எடப் பக்கம். பேரிங் போயிருச்சுங்க. மேட்டுப்பாளையம் போய்ச் சேராதுங்க.”

அவ்வளவு தொலைவிலிருந்து எப்படித் தெரிந்தது என்று வியந்து கேட்டேன்.

“அதுதான் கத்திக் கத்திச் சொல்லுதேங்க! உங்களுக்குக் கேக்கலீங்களா?”

அன்று மாலை, அந்தப் பேருந்து பர்லியாற்றில் நின்றுவிட்டதாகவும், பயணிகள் பலாப்பழம் தின்றபடி மாற்று வண்டிக்குக் காத்திருப்பதாகவும் செய்தி வந்தது. அவருக்கு அப்பெயர் எப்படி வாய்த்தது என்று அதன்பின் நான் யாரையும் கேட்கவில்லை. பங்குத்தந்தையே பூசை முடிந்ததும் “பேரிங், மைக்குல ஏதோ கரகரங்குது, வந்து பாருங்க” என்றுதான் அழைப்பார். தமிழாசிரியனாக வாழ்நாளைக் கழித்த எனக்கு அச்சொல்லால் விளிப்பது நெருடலாக இருந்தது. ஒருமுறை “உருள்தாங்கியாரே” என்று அழைத்துப் பார்த்தேன். அவர் தமக்குப் பின்னால் யாரோ நிற்பதாக எண்ணித் திரும்பிப் பார்த்தார். அன்றோடு அம்முயற்சியைக் கைவிட்டேன்.

கூடலூர்ப் பக்கத்துத் தேயிலை ஆலையொன்றில் பொறிகளைப் பழுதுபார்க்கும் பணியில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தவர் அவர். அவருடைய துணைவியார் லூர்தம்மாள் அதே ஆலையில் தூள் சலிக்கும் அறையில் இருந்தவர். ஓய்வு பெற்றபின் இருவரும் குன்னூருக்கு வந்து, எங்கள் படிப்பகத்துக்குப் பின்னாலிருந்த சிறு வீட்டில் குடியேறினர். அதற்குள் லூர்தம்மாளுக்குக் காது முற்றிலும் போயிருந்தது. காதில் பொருத்தும் கருவி வாங்கிப் பார்த்தார்கள். “ஃபேக்டரிய உள்ளுக்குள்ள தூக்கி வெச்ச மாதிரி இருக்குது” என்று அவ்வம்மையார் அதைக் கழற்றிச் சருக்கரைக் குப்பிக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

படிப்பகத்தில் சனிக்கிழமைதோறும் முற்பகலில் நான் பழந்தமிழ்ப் பாடம் நடத்தி வந்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், தோட்டத்துக் கண்காணிப்பாளர் ஒருவர் என இருபது பேர் வருவர். ஒரு சனிக்கிழமை பேரிங் தம் துணைவியாரோடு வந்து முதல் வரிசையில் அமர்ந்தார். பேசுவது கேட்காத ஒருவர் உரை கேட்க வருவானேன் என்று எனக்கு விளங்கவில்லை. பேரிங் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். நாம் பேசினால் அதுவே எழுதிவிடுமாம். அதை லூர்தம்மாள் படித்துக்கொள்வாராம்.

அக்கருவி குன்னூர் அங்காடிப் பேச்சுக்குப் பழகியது. என் தமிழுக்குப் பழகவில்லை. நான் “செவ்வியல் நெறி” என்றேன்; அது “செவ்வாய் நரி” என்று எழுதிற்று. நான் “நெய்தல் திணை” என்றேன். அது “நெய் தடவித் தின்ன” என்று எழுதிற்று. வகுப்பின் நடுவில் லூர்தம்மாள், தம் குரலைத் தாமே கேட்கவியலாத காரணத்தால் அரங்கமே அதிரும்படி, “ஏனுங்க, எதுக்கு நெய் தடவறது? அத மட்டும் அந்த ஐயா சொல்லவே இல்லையே!” என்று கேட்டார். அன்றைய நெய்தல் அவ்வளவோடு முடிந்தது.

அடுத்த வாரம் பேரிங் வேறு ஏற்பாட்டோடு வந்தார். இளமையில் தட்டச்சு நிலையத்தில் தமிழும் ஆங்கிலமும் மேல்நிலைத் தேர்வு வரை முடித்தவராம். நான் பேசப் பேச அவரே தட்டுவார். மடியிலிருக்கும் திரையில் லூர்தம்மாள் படிப்பார். மடிக்கணினியின் தட்டையான சாவிகள் அவருக்கு ஒத்துவரவில்லை. “வெரலு உள்ள போயித் திரும்பி வரோணுங்க. இது கல்லு மேல தட்டற மாதிரி இருக்குது” என்றார். எனவே கோவையிலிருந்த மருமகன் அவருக்கொரு விசைப்பலகை வாங்கி அனுப்பியிருந்தார். ஒவ்வொரு சாவிக்கும் அடியில் தனித்தனியே சுருள்வில் வைத்த, செங்கல் போலக் கனத்த, உறுதியான பலகை.

அது எழுப்பிய ஓசையை நான் எவ்வாறு விவரிப்பேன்! எழுத்துச் சாவிகள் ஓரளவு அடக்கமானவை. ஆனால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடுவதற்கென்று அடியில் நீண்டு கிடக்கும் இடைவெளிச் சாவி இருக்கிறதே, அது ‘டொக்’ என்று இறங்கி, ‘சலக்’ என்று ஏறும். எங்கள் படிப்பகத்தின் தளம் மரப்பலகையாலானது, அடியில் வெற்றிடம். மேசையில் எழும் ‘டொக்’ தளத்தில் இறங்கி, முரசில் அறைந்ததுபோல் எழும். நான் ஒரு சொல் சொன்னால் ஒரு டொக். என் ஒவ்வொரு சொல்லின் தலையிலும் எவரோ ஒரு குட்டு வைப்பதாகவே எனக்குத் தோன்றிற்று. மூன்றாம் வாரம் ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில் எழுவாயைத் தொலைத்துவிட்டுப் பயனிலையோடு தனியே நின்றேன்.

அவர்கள் வீட்டிலும் இதே கதைதான். கணவன் மனைவிக்குள் பூசல் எழுந்தால் ஒரு தரப்பு மட்டுமே தெருவுக்குத் தமிழில் கேட்கும். “நேத்தே சொன்னேனில்ல, கோஸ் வேண்டாம்னு?” என்று லூர்தம்மாளின் குரல் வரும். மறுமொழியாகத் தடதடவென்று தட்டும் ஓசை. “அதெல்லாம் எனக்குத் தெரியும்!” மீண்டும் தடதட, இறுதியில் ஓங்கி ஒரு டொக். அந்த டொக் என்பது “போ புள்ள” என்பதாம். தெருவிலிருந்த சிறுவர்களுக்குக்கூட அது விளங்கியிருந்தது.

முறையிட்டவன் நான்தான். அதை மறைப்பதற்கில்லை. படிப்பகத்தின் செயலர், ஓய்வு பெற்ற அஞ்சலக அலுவலர், எவர் மனத்தையும் நோகச் செய்யாத நல்லவர். அவர் பேரிங்கை ஓரமாக அழைத்துச் சென்றார். ஆனால் அந்த மரத்தளத்தில் ஓரம் என்று எதுவும் கிடையாது. எல்லார்க்கும் கேட்டது.

“ஏனுங்க பேரிங், கோவிச்சுக்காதீங்க. இன்னும் நாலு சனிக்கெழம பாக்கறோம். சத்தம் கொறையலீன்னா நீங்க ரெண்டு பேரும் வெளி வராண்டாவுல உக்காந்துக்கங்க.”

“வராண்டாவுல உக்காந்தா ஐயா பேசறது எனக்குக் கேக்காதுங்க. எனக்குக் கேக்கலீன்னா இவளுக்கு எப்படிங்க கேக்கும்?”

“அதுக்கு நான் என்னங்க பண்றது? ஐயாவுக்குப் பேச்சே தடம் மாறிப் போகுதுங்களே.”

திரையில் எதுவும் வராததைக் கண்டு, என்ன பேசுகிறார்கள் என்று லூர்தம்மாள் கேட்டார். பேரிங் தயங்கித் தட்டினார். படித்துவிட்டு அவ்வம்மையார், “அப்ப நா வரலீங்க. எதுக்கு எல்லாருக்கும் தொந்தரவு? ஊட்டுல பூண்டு உரிக்கறேன்” என்று, தாம் மெல்லச் சொல்வதாக எண்ணி, மண்டபம் முழுதும் கேட்கச் சொன்னார். நான் சுவடிப் பெட்டியைத் திறந்து மூடுவதில் முனைந்திருந்தேன்.

பேரிங் என்னிடம் வந்தார். முகத்தில் சினமில்லை. பழுதான பொறியைப் பார்ப்பவர் முகம் அது.

“நாலு வாரம் போதுங்கய்யா. இது மனுசன் பண்ணுன பொருளுதானுங்களே?”

முதல் வாரம் அவர் கண்ட வழி, இடைவெளிச் சாவியைத் தொடாமலேயே தட்டுவது. “ஓலைச்சுவடியில எடம் உட்டா எழுதுனாங்க?” என்று என்னிடமே கேட்டு என் வாயை அடைத்துவிட்டார். ஓசை உண்மையிலேயே பாதியாகக் குறைந்தது. நான் மகிழ்ந்து, “அரசன் நாடு காண இறங்கினான்” என்று ஒரு செய்யுளுக்கு உரை சொல்லிச் சென்றேன். திரையில் எல்லாம் ஒன்றாய் ஒட்டிக்கொண்டு ஓடின. சற்று நேரத்தில் முதல் வரிசையிலிருந்து இடிமுழக்கமாக வினா எழுந்தது.

“ராசா எதுக்குங்க நாடுகாணில எறங்குனாரு? கூடலூரு பஸ்ஸா, நெலம்பூரு பஸ்ஸா?”

கூடலூரை அடுத்த அந்த நாடுகாணி ஊரை வகுப்பு அன்று தாண்டவில்லை.

அடுத்து நிகழ்ந்ததில் பிழை முழுவதும் என்னுடையது. மருமகனிடம் தொலைபேசியில் பேசிவிட்டு வந்த பேரிங், “ஸ்டெபிலைசர்தான் கோளாறுங்கய்யா. நல்லதா ஒண்ணு மாத்தினா சரியாப் போயிரும்” என்றார். மின்னழுத்தம் மலையேறும் தொடர்வண்டியைப் போல் ஏறி இறங்கும் ஊர் எங்களுடையது. குளிர்பதனப் பெட்டிக்கு அருகில் ஒரு ஸ்டெபிலைசர் இல்லாத வீடு இங்கே கிடையாது. கணினிக்கும் அதுதான் வேண்டும்போலும் என்று கருதினேன். முறையிட்ட குற்றவுணர்வும் உள்ளே இருந்தது. ஒரு சொற்பொழிவுக்காகக் கோவை சென்றவன், கடையிலேயே பெரிதாக ஒன்றைத் தேர்ந்து, பேருந்தில் மடிமேல் வைத்து, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அதைக் குழந்தைபோல் அணைத்துப் பிடித்து, மலையேற்றிக் கொண்டுவந்து, அவர் வீட்டு மேசைமேல் இறக்கினேன்.

பேரிங் அப்பெட்டியை நெடுநேரம் பார்த்தார். பின்னர் விசைப்பலகையைப் பார்த்தார். பின்னர் என்னைப் பார்த்தார்.

“ஐயா… இத இதுக்குள்ள எப்படீங்க மாட்டறது?”

நீண்ட சாவிக்கு நடுவில் ஒரே ஒரு விசைதான் உண்டு என்பதை அப்போதுதான் அவர் எனக்குக் கழற்றிக் காட்டினார். ஓரத்தில் அழுத்தினால் சாவி ஒருபுறமாகச் சாய்ந்துவிடும். சாயாதிருக்க, இருமுனையிலும் நகக்கண் அளவில் ஒவ்வொரு நெகிழிக்கால்; அவ்விரண்டையும் இணைத்து, ஒருங்கே இறக்கி ஏற்றும் ஒரு மெல்லிய கம்பி. அந்தக் கம்பியும் கால்களும் சேர்ந்ததற்குத்தான் ஸ்டெபிலைசர் என்று பெயராம். என் பெட்டியைப் படிப்பகத்து நகலெடுக்கும் பொறிக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தச் சிறு பொருளுக்கு நான் ‘நிலைப்படுத்தி’ என்று பெயர் சூட்டினேன்.

“நெலப்படுத்தி… நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா கடையில போயிக் கேட்டா எடம் விக்கற தரகர் நம்பரக் குடுத்துருவாங்க.”

மருமகன் மூவகை நிலைப்படுத்திகளை அனுப்பிவைத்தார். ஒன்று, சாவிகளைத் தாங்கும் உலோகத் தகட்டில் செருகுவது. மற்றொன்று, அடியிலுள்ள மின்சுற்றுப் பலகையில் கவ்வி நிற்பது. மூன்றாவது, அதே பலகையில் திருகாணியால் முடுக்குவது. பேரிங் மூன்றையும் உள்ளங்கையில் வைத்து, மணமகனைப் பார்க்கப் போன தந்தையைப் போல் ஒரு நாள் முழுதும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தகட்டுல சொருகறது புட்போர்டுல தொங்கீட்டு வர்ற மாதிரிங்க. கவ்வறது கம்பியப் புடிச்சு நின்னுட்டு வர்றது. திருகாணி போட்டதுதானுங்க சீட்டுல உக்காந்து வர்றது. ஆடாது.”

முடிவு அங்கேயே ஆயிற்று. பலகையில் அதற்குரிய துளைகள் உண்டா என்று கைவிளக்கடித்துப் பார்த்து, “இருக்குது புள்ள!” என்று கூவினார். கூவிய பிறகுதான் நினைவு வந்து, விசைப்பலகை திறந்து கிடந்ததால், அருகிலிருந்த நாளிதழின் ஓரத்தில் ‘இருக்குது’ என்று எழுதி லூர்தம்மாளிடம் நீட்டினார்.

மாட்டினால் மட்டும் போதாதாம். அதைப் பக்குவப்படுத்த வேண்டுமாம். கால்கள் வந்து மோதும் இடத்தில், காயத்துக்கு ஒட்டும் துணிப் பிளாத்திரியைக் கத்தரித்து மெத்தைபோல் ஒட்டினார். காலின் உட்புறம் மெல்லிய பசையெண்ணெயை ஓவியர் தூரிகையால் தடவினார். கம்பியின் இரு முனைகளுக்குக் கெட்டியான கிரீசு. அதிகமானால் சாவி சேற்றில் கால்வைத்த எருமைபோல் எழ மறுக்கும். குறைந்தால் பழைய குருடி கதவைத் திறடி. வீட்டில் அமைதியாக இருக்கும் பலகை படிப்பகத்தில் பேசியது. ஆகவே அவர் மூன்றாம் வாரம் முழுதும் பகற்பொழுதில் படிப்பகத்து மேசையிலேயே பொறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். பத்து முறை தட்டுவார். ஒரு தூரிகைத் தொடுகை. மீண்டும் பத்து முறை. வெள்ளி நண்பகலில், “இன்னும் அரை மணி நேரத்துல முடிஞ்சுருமுங்க” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்த அரை மணி நேரத்தில் எங்கள் செயலர் உள்ளே வந்தார். மேசைமேல் பொறி திறந்து கிடக்கிறது; உள்ளெல்லாம் வெண்ணெய்போல் ஏதோ அப்பியிருக்கிறது. பாவம், மனிதருக்கு உதவ வேண்டும் என்று தோன்றிவிட்டது. நீலகிரியில் பிறந்தவர் எதையேனும் தூய்மை செய்யக் கருதினால் கை தானாக எங்கே போகும்? தலைவலிக்கும், தடுமனுக்கும், கறைக்கும், கரப்பானுக்கும் எங்களுக்கு மருந்து ஒன்றே. அலமாரியிலிருந்த நீலகிரித் தைலத்தைப் பஞ்சில் நனைத்து, நிலைப்படுத்தி ஒவ்வொன்றையும், காலென்றும் கம்பியென்றும் பாராமல், பளபளவென்று துடைத்து வைத்துவிட்டார். கிரீசைக் கரைப்பதில் அந்தத் தைலத்துக்கு ஈடு கிடையாது. பிளாத்திரியின் பசையும் விட்டுப்போயிற்று.

பேரிங் திரும்பிவந்து வாயிலிலேயே நின்றார். மூக்குத்தான் முதலில் செய்தி சொல்லிற்று.

“யாருங்க தைலம் போட்டது?”

“நாந்தானுங்க! ஒரே பிசுக்கு. நல்லாத் தொடச்சு உட்டுட்டேன். பாருங்க, எப்படி மின்னுது!” என்றார் செயலர், பெருமையோடு.

பேரிங் நாற்காலியில் அமர்ந்து இடைவெளிச் சாவியை ஒரே ஒரு முறை தட்டினார். கண்ணாடிக் கடைக்குள் காளை புகுந்தாற்போல் ஓசை எழுந்தது. செயலரின் முகம் வெளிறியது. பேரிங் அவரை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை.

“பரவால்லீங்க. இனி இதுக்குச் சளி புடிக்காது” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வகுப்பு அவர்கள் இருவரும் இல்லாமல் நடந்தது. ஓசையே இல்லை. நான் ஒரு தடுமாற்றமுமின்றிப் பேசினேன். முதல் வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. நான் பேசியதில் எனக்கே ஒன்றும் நினைவில்லை.

எஞ்சியது ஒரே ஒரு வாரம். திங்கட்கிழமை நானே அவர் வீட்டுக்குச் சென்றேன். மேசைமேல் துணி விரித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியிருந்தார். லூர்தம்மாள் அடுக்களையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பாடு தேவையா, வேண்டுமானால் நான் செயலரிடம் சொல்லி அந்தக் கட்டளையைத் திரும்பப் பெறச் செய்கிறேன் என்றேன்.

“வேண்டாங்கய்யா. நீங்க பொறுத்துக்குவீங்க. மத்தவங்களும் பொறுத்துக்குவாங்க. அவ பொறுக்க மாட்டா. எல்லாரும் நமக்காகப் பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருக்கறாங்கன்னு தெரிஞ்சா ரெண்டாவது வாரமே நின்னுக்குவா.” தூரிகையைத் துடைத்தபடி குரலைத் தாழ்த்தினார், தாழ்த்த வேண்டிய தேவை அவ்வீட்டில் இல்லை. “முப்பத்தஞ்சு வருசங்க. ஃபேக்டரில எந்த மெசின் எந்த மூலையில மொனகினாலும் மொதல்ல எனக்குத்தான் கேக்கும். இவளுக்குக் காது கொஞ்சங் கொஞ்சமாப் போயிட்டு இருந்தது மட்டும் எனக்குக் கேக்கவே இல்லீங்க. கூப்ட்டாத் திரும்பலீன்னா, கோவமா இருக்கறான்னு நெனச்சுட்டேன்.”

அவரே பேச்சை மாற்றினார்.

“இப்ப எனக்கு உங்க காது வேணுங்க. இந்தச் சத்தத்தோடயே கெடந்து என் காது இதுக்குப் பழகிப் போச்சு. செவுத்தப் பாத்து உக்காருங்க. நான் தட்டறேன். என்ன கேக்குதுன்னு சொல்லுங்க.”

வாழ்நாளில் எவரும் என்னிடம் கேட்காத உதவி. சுவரை நோக்கி அமர்ந்தேன். அவர் தட்டினார்.

“தடதட” என்றேன்.

“அது கால் அடியில மோதறதுங்க.” பிளாத்திரியை ஒட்டினார். மீண்டும் தட்டல்.

“சரசர.”

“காஞ்சிருக்குது.” தூரிகை. மீண்டும்.

“சதசத.”

“கிரீசு அதிகமாப் போட்டுட்டேன்.” துடைத்தார்.

தமிழின் இரட்டைக்கிளவிகள் அனைத்தும் பழுதுபார்க்கும் கலைச்சொற்களாகிவிட்டதைக் கண்டு எனக்கு உள்ளூர உவகை பொங்கிற்று. செவ்வாயும் புதனும் சென்றேன். நீளச் சாவிகள் ஒவ்வொன்றாக வாயடங்கின. வியாழன் மாலையில் எஞ்சியது இடைவெளிச் சாவி மட்டும். எவ்வளவு தடவினாலும் அதில் ஏதோ ஒன்று மிச்சமிருந்தது. பேரிங் பொறுமையிழந்து, “சல-ன்னு ஏதோ கேக்குதுங்களா?” என்றார்.

நான் திருத்தினேன். ‘சல’ என்று தனியே வழங்குவதில்லை. அது ‘சலசல’ என்றே வரவேண்டும். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று விளக்கினேன். ஐயமிருந்தால் மறுபடியும் தட்டச் சொன்னேன். தட்டினார். கூர்ந்து கேட்டேன். மீண்டும் தட்டச் சொன்னேன்.

இலக்கணம் தோற்றது. அது ‘சல’தான். ஒற்றைச் சல.

தயங்கித் தயங்கி அதை ஒப்புக்கொண்டேன். எனக்குப் பின்னால் நாற்காலி விழும் ஓசை கேட்டது.

“அதானுங்க! ரெண்டு பக்கமும் ஆடுனாத்தான சலசல? ஒத்தச் சலன்னா ஒரு பக்கந்தான் ஆடுது. கிரீசு இல்லீங்க கோளாறு. கம்பியே கோணல்!”

கம்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மேசையே சமமில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணாடி வேண்டும்; அதுதான் சமமானது. சுவரில் இருந்த ஒரே கண்ணாடி, இயேசுவின் திருவிருதயப் படத்துக்கு முன்னால் இருந்தது. நான் தடுப்பதற்குள் படத்தை இறக்கிக் கிடத்தி, அதன்மேல் கம்பியை வைத்து, ஒரு முனையை விரலால் தொட்டார். மறுமுனை தாள் கனத்துக்கு எழுந்தது. எங்கள் நான்கு வாரத் துன்பமும் அந்தத் தாள் கனத்தில் இருந்தது.

லூர்தம்மாள் வந்து பார்த்தார்.

“அடப் பாவி மனுசா! ஆண்டவர இப்படி மல்லாக்கப் போட்டு அவரு மேல கம்பிய வெச்சு நிமித்தறயே, கண்ணு தெரியலயா உனக்கு?”

விசைப்பலகை பிரிந்து கிடந்ததால் பேரிங்கால் தட்டிப் பதில் சொல்ல இயலவில்லை. என் குறிப்பேட்டைப் பிடுங்கி எழுதிக் காட்டினார். ‘ஆண்டவர் முன்னால எதும் கோணலா இருக்கக் கூடாது.’ அவ்வம்மையார் படித்துவிட்டுச் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு, “சீக்கிரம் நிமித்து. கிரீசு படாமப் பாத்துக்க” என்றார்.

இரு குறடுகளால் கம்பியை முறுக்கி, வைத்துப் பார்த்து, மீண்டும் முறுக்கினார். பதினேழாம் முறை இரு முனையும் கண்ணாடியில் படிந்தன.

சனிக்கிழமை வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது, பாடத்துக்காக அன்று எத்தனை பேர் வந்தனர் என்பது ஐயமே. செயலர் வழக்கமாக அமரும் இடத்தை விட்டுக் கதவோரமாக நின்றார். லூர்தம்மாள் முதல் வரிசையில், பூப்போட்ட கம்பளிச் சட்டை அணிந்து, வரமாட்டேன் என்று மூன்று முறை சொல்லி அழைத்துவரப்பட்டவரின் முகத்தோடு இருந்தார். பேரிங் பலகைக்கடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, விரல்களை நெட்டி முறித்தார். அதுதான் அன்று அவர் விரல்களிலிருந்து எழுந்த கடைசி ஓசை.

நான் தொடங்கினேன். ஒரு வாக்கியம். இரண்டு. பத்து. நான் அன்று எதை விளக்கினேன் என்று கேட்டால் சொல்ல இயலாது. காதெல்லாம் மேசைமேல் இருந்தது. டொக் இல்லை. சலக் இல்லை. சல கூட இல்லை. எனக்கு ஐயம் எழுந்தது. மனிதர் மனமுடைந்து தட்டுவதையே நிறுத்திவிட்டாரோ? பொறுக்கமாட்டாமல் பாடத்தை நிறுத்தி, “தாங்கள் ஏன் தட்டவில்லை?” என்று கேட்டேன்.

பேரிங் நிமிர்ந்து பார்த்தார். “தட்டிட்டுத்தானுங்க இருக்கறேன்.”

அதையும் அவர் தட்டினார் போலும். திரையைப் படித்த லூர்தம்மாள் மண்டபம் அதிர, “அந்த ஐயாவுக்கும் காது போயிருச்சுங்களா?” என்று கேட்டார்.

இருபது ஆண்டுகளாக அந்தப் படிப்பகத்தில் எழாத சிரிப்பு அன்று எழுந்தது. செயலர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லூர்தம்மாள் அதன்பின் ஒரு சனிக்கிழமையும் தவறவிடவில்லை. உரையின் நடுவே வினா எழுப்புவதையும் விடவில்லை. பாதி வினாக்களுக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது.

சென்ற ஆண்டு அவ்வம்மையாரின் மூட்டுகளுக்குக் குளிர் ஒவ்வாமற்போக, இருவரும் கோவையில் மகள் வீட்டுக்குப் பெயர்ந்தனர். புறப்படும் நாளன்று பேரிங் என்னிடம் ஒரு கனத்த தாள்கட்டைக் கொடுத்தார். என் சனிக்கிழமைப் பாடம் முழுதும், தொடக்கம் முதல், அச்செடுத்து நூலால் கட்டப்பட்டிருந்தது. “அவளுக்காக அடிச்சதுங்க. படிக்கும்போது அங்கங்க குப்பை இருக்கும், கண்டுக்காதீங்க” என்றார். சொல்லிவிட்டு, வாடகை வண்டியின் பொறியோசைக்குத் தலையைச் சாய்த்து, ஓட்டுநரிடம் ஏதோ கண்டிக்கத் தொடங்கிவிட்டார்.

அன்று மாலையே கட்டை அவிழ்த்தேன். என் சொற்களுக்கு நடுவே, அடைப்புக்குறிகளுக்குள், அவர் சொற்களும் இருந்தன. நான் பேசியதை மட்டுமன்று, அம்மண்டபத்தில் காதில் விழுந்த அனைத்தையும் அவர் தம் துணைவியாருக்கு எழுதி வந்திருக்கிறார். (மழ வந்துருச்சு, தகரத்துல நல்ல சத்தம்.) (போஸ்ட்மாஸ்டர் தும்மறாரு, மூணு.) (வெளிய கொண்டக்குருவி கத்துது. நம்ம கூடலூர் ஊட்டுல கேக்குமே, அதேதான்.) (நம்ம ‘டொக்’ சத்தம். ஐயா மொறைக்கறாரு. நீ நிமுந்து பாக்காத.)

ஓசையடங்கிய அந்தச் சனிக்கிழமையைத் தேடி எடுத்தேன். தாளின் நடுவில், என் வாக்கியம் ஒன்று அறுந்து நின்ற இடத்தில், இருந்தது.

(ஐயா சிரிக்கறாரு. இன்னைக்குத்தான் மொத மொதல்ல. சின்னப் பையன் மாதிரி, மேல போயி மேல போயிச் சிரிக்கறாரு. நல்ல சத்தம் புள்ள, உனக்குக் கேட்டிருந்தாப் புடிச்சிருக்கும்.)

நாற்பது ஆண்டுகள் பாடம் சொன்னவன் நான். என் சொற்களைக் குறிப்பெடுத்தவர் எத்தனையோ பேர். என் சிரிப்பைக் குறித்துவைத்தவர் அவர் ஒருவர்தாம்.